பாய்மங்களின் நிலைப்பைக் கணித்த பெருந்தகை: சுப்பிரமணியன் சந்திரசேகர்

சுப்பிரமணியன் சந்திரசேகர் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் விண்மீன்களும் நோபல் பரிசுமே நம்மில் பலருக்கு நினைவில் எழும். பள்ளிப் பாடநூல்கள் அவரை வானியற்பியல் அறிஞர் என்றே அறிமுகம் செய்கின்றன. அது பொருத்தமான அறிமுகமே. ஆயினும், அவருடைய வாழ்நாளில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வேறொரு வினாவிற்கு விடை காண்பதில் கழிந்தன. நீரும் காற்றும் உருகிய உலோகமும் எப்போது அமைதியாக இருக்கும்? எந்த எல்லையைக் கடந்தால் அவற்றின் அமைதி குலையும்? இதுவே அவ்வினா. பாய்மக் கணிதம் எனப்படும் இத்துறையில் அவர் ஆற்றிய பணியை நம் மாணவர்கள் அறிந்திருப்பது அரிது. அக்குறையைச் சிறிதேனும் நீக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறை நமக்குத் தொலைவானதன்று. நீலகிரியில் வாழும் நாம் மார்கழி, தைத் திங்களின் உறைபனியை நன்கறிவோம். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்கின்றது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, எடை மிகுந்து, சரிவின் வழியே பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்குகின்றது. மேட்டிலுள்ள தேயிலைச் செடி பச்சையாக நிற்க, பள்ளத்திலுள்ள செடி கருகுவது இதனாலேயே. குளிர்ந்த கனமான காற்று கீழேயும், வெப்பமான இலேசான காற்று மேலேயும் இருக்கும் அடுக்கு நிலைப்புடையது, தானாகக் கலையாது. கதிரவன் எழுந்து நிலத்தைச் சூடாக்கியபின் கீழ்க்காற்று இலேசாகி மேலெழுகின்றது, அடுக்கு குலைகின்றது, பனி நீங்குகின்றது. நிலைப்பு, நிலைப்பின்மை என்னும் இவ்விரு நிலைகளுக்கும் இடையே உள்ள எல்லைக் கோட்டைக் கணிதத்தால் வரைந்து காட்டியவர்களுள் தலையாயவர் சந்திரசேகர்.

பிறப்பும் குடும்பமும்

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19 அன்று இலாகூரில் பிறந்தார். தந்தை சி. சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் உயர் அலுவலர். அப்பணியின் பொருட்டே தமிழ்க் குடும்பம் ஒன்று பஞ்சாபில் வாழ நேர்ந்தது. தாயார் சீதாலட்சுமி அம்மையார். உடன்பிறந்தோர் ஒன்பதின்மர், மூத்த சகோதரியர் இருவருக்குப் பின் பிறந்த முதல் ஆண்மகவு சந்திரசேகர். ஒளிச்சிதறல் ஆய்விற்காக 1930-இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் இவருடைய சிற்றப்பா ஆவார்.

தமிழ்த்துறை மலரொன்றில் அத்தாயாரைப் பற்றிச் சிறப்பாகக் குறிப்பிடுதல் நம் கடமை. முறையான பள்ளிக் கல்வி மிகுதியாகப் பெறாத அவ்வம்மையார் தம் முயற்சியால் ஆங்கிலம் பயின்று, நார்வே நாட்டு நாடக ஆசிரியர் இப்சனின் புகழ்பெற்ற நாடகமாகிய பொம்மை வீட்டைத் தமிழாக்கியவர். பத்துப் பிள்ளைகளைப் பேணி வளர்த்த இல்லத்தரசி ஒருவர் அயல்மொழி இலக்கியத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தார் எனின், அவ்வில்லத்தில் நிலவிய அறிவுச் சூழலை நாம் உய்த்துணரலாம்.

குடும்பம் 1916-இல் அலகாபாத்திற்கும், 1918-இல் சென்னைக்கும் பெயர்ந்தது. பன்னிரண்டு வயது வரை சந்திரசேகருக்கு வீட்டிலேயே கல்வி. பின்னர் 1922 முதல் 1925 வரை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், 1925 முதல் 1930 வரை சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மகன் ஐ.சி.எஸ். தேர்வெழுதி அரசு உயர் அலுவலராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனின் உள்ளமோ கணிதத்திலும் இயற்பியலிலும் ஊன்றியிருந்தது. தாயார் மகன் பக்கம் நின்றார்.

1928-இல் செருமானிய இயற்பியலறிஞர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தபோது, மாணவராகிய சந்திரசேகர் அவரைத் தேடிச் சென்று உரையாடினார். தாம் கல்லூரியில் கற்ற அணு இயற்பியல் பழையதாகிவிட்டது என்பதையும், புதிய குவாண்டம் கொள்கை ஐரோப்பாவில் மலர்ந்திருப்பதையும் அவ்வுரையாடலால் அறிந்தார். பிறிதொருவராயின் சோர்ந்திருப்பர். இவரோ புதியதைத் தாமே கற்றுத் தேர்ந்து, அடுத்த ஆண்டிலேயே இலண்டன் அரசக் கழகத்தின் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதுகூட நிறைவுற்றிருக்கவில்லை.

கடற்பயணமும் கண்டுபிடிப்பும்

பட்டப்படிப்பில் சிறந்து தேறியமையால் இங்கிலாந்து சென்று பயில இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்தது. அவ்வேளையில் தாயார் கடும் நோய்வாய்ப்பட்டிருந்தார். செல்வதா, இருப்பதா என்னும் போராட்டம் மகனின் நெஞ்சில் எழுந்தது. தம் மகன் தமக்கு மட்டும் உரியவன் அல்லன், உலகிற்கு உரியவன் என்னும் கருத்துப்படப் பேசி அவரை வழியனுப்பியவர் அத்தாயாரே. 1930 சூலை 31 அன்று பம்பாயிலிருந்து பில்சுனா என்னும் கப்பலில் சந்திரசேகர் புறப்பட்டார். 1931 மே 21 அன்று தாயார் இயற்கை எய்தினார். மகன் அவரை மீண்டும் காணவில்லை.

அக்கப்பற் பயணத்தில் அவர் மனத்தை ஒரு கணக்கு ஆட்கொண்டது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் ஈர்ப்பினாலேயே சுருங்கி, வெண்குறு விண்மீன் என்னும் அடர்ந்த உருண்டையாகின்றது. மேலும் சுருங்காதபடி அதனைத் தாங்குவது நெருக்குண்ட எலெக்ட்ரான்களின் அழுத்தம். அடர்த்தி மிகும்போது எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். அந்நிலையில் ஐன்சுடைனின் சார்புக் கொள்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேர்த்துப் பார்த்தபோது தாங்கும் ஆற்றலுக்கு ஓர் எல்லை இருப்பது புலப்பட்டது. கதிரவனின் பொருண்மையைப் போல் ஏறத்தாழ 1.44 மடங்கு என இன்று கொள்ளப்படும் அவ்வரம்பே சந்திரசேகர் எல்லை. அதற்கு மேற்பட்ட பொருண்மையுடைய உருண்டை வெண்குறு விண்மீனாக நிலைத்து நிற்க இயலாது. மேலும் சுருங்கியே தீரும். நியூட்ரான் விண்மீன், கருந்துளை ஆகியவற்றுக்குச் செல்லும் வழியில் இது முதற்படியாகும்.

1935-ஆம் ஆண்டு நிகழ்ச்சி

கேம்பிரிட்சில் ஃபௌலரின் வழிகாட்டுதலில் 1933-இல் முனைவர் பட்டம் பெற்ற சந்திரசேகர், அவ்வாண்டே டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்வு செய்யப்பட்டார். அக்காலத்தில் வானியலில் முடிசூடா மன்னராக விளங்கியவர் சர் ஆர்தர் எடிங்டன். இளைஞரின் கணக்கு வளர்ந்து வருவதை அவர் அடிக்கடி வந்து கேட்டறிந்தார். தம் மறுப்பை மட்டும் வெளியிடவில்லை.

1935 சனவரி 11 அன்று இலண்டன் அரச வானியற் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிபுகளை எடுத்துரைத்தார். அவரை அடுத்து எழுந்த எடிங்டன், அவ்வடிப்படையே பிழையானது என்று நகைச்சுவை ததும்பப் பேசினார். விண்மீன் அவ்வாறு முடிவின்றிச் சுருங்குதல் நகைப்பிற்கிடமானது என்றார். அவையில் சிரிப்பொலி எழுந்தது. இருபத்து நான்கு வயது இளைஞர் மறுமொழி கூறவும் வாய்ப்பின்றி அமர்ந்திருந்தார். போர், பவுலி போன்ற பேரறிஞர்கள் சந்திரசேகரின் கணக்கே சரியென்று தனியே ஒப்புக்கொண்டனர். ஆயினும் வெளிப்படையாக எடிங்டனை மறுத்துரைக்க அவர்கள் முன்வரவில்லை.

இங்கு நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். உண்மை தம் பக்கம் இருந்தும் அவையில் இகழப்பட்டவர் செய்யத்தக்கது யாது? ஆண்டுக்கணக்கில் வாதிடலாம், மனம் கசந்து ஒதுங்கலாம். சந்திரசேகர் இரண்டையும் மேற்கொள்ளவில்லை. தம் ஆய்வு முழுவதையும் தொகுத்து 1939-இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றிய நூலாக வெளியிட்டார்; பின் வேறு துறைக்குச் சென்றார். எடிங்டன் மீது அவர் பகைமை பாராட்டவில்லை. 1944-இல் எடிங்டன் மறைந்தபோது அவருடைய அறிவியற் பெருமையைப் போற்றி இரங்கலுரை ஆற்றினார். அந்நிகழ்ச்சி வானியலின் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது எனக் கருதுவோர் உளர். ஆனால் அம்மனிதரை அது பின்னுக்குத் தள்ளவில்லை.

அமெரிக்க வாழ்க்கை

1936 செப்டம்பரில் தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியில் தமக்கு ஓராண்டு இளையவராக இயற்பியல் பயின்ற லலிதா துரைசாமி அம்மையாரை மணந்தார். அம்மணம் இருவரும் தாமே தேர்ந்த மணம். 1937 தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எர்க்சு வானாய்வகத்தில் பணியேற்றார். அதன் பின் ஐம்பத்தெட்டு ஆண்டுகள், இறக்கும் வரை, அப்பல்கலைக்கழகமே அவருடைய பணிக்களமாயிற்று.

அந்நாட்டிலும் நிறவேற்றுமை அவரைத் தொடாமலில்லை. பல்கலைக்கழக வளாகத்தில் அவர் பாடம் நடத்துவதற்குப் புலத் தலைவர் ஒருவர் தடை கூறியபோது, பல்கலைக்கழகத் தலைவர் அட்சின்சு அத்தடையை நீக்கி ஆணையிட்டார். இவ்வாறான துன்பங்களைச் சந்திரசேகர் பிறரிடம் பெரிதுபடுத்தியதில்லை.

அவருடைய பணிமுறை வியப்பிற்குரியது. ஒரு துறையைத் தேர்ந்து, சில ஆண்டுகள் அதிலேயே முழுமையாக ஆழ்ந்து, கட்டுரைகளை வரிசையாக வெளியிட்டு, இறுதியில் அத்துறை முழுவதையும் ஒழுங்குபடுத்திப் பெருநூலாக்குவார். பின் அத்துறையை விட்டு நீங்கிப் புதிய துறையில் மாணவரைப்போல் தொடங்குவார். விண்மீன் கூட்டங்களின் இயக்கம் பற்றிய நூல் 1942-இலும், விண்மீன் வளிமண்டலங்களில் ஒளியும் வெப்பமும் கடந்து செல்லும் முறை பற்றிய நூல் 1950-இலும் வெளிவந்தன. அதன் பின்னரே பாய்மங்கள் அவரை முழுமையாக ஈர்த்தன.

பாய்மங்களின் நிலைப்பு

பாத்திரத்தில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அடியில் மெதுவாகச் சூடேற்றினால், முதலில் நீர் அசையாது. வெப்பம் மட்டும் கடத்தலால் மேலேறும். கீழ்நீர் இலேசாகி மேலெழ முயன்றாலும், நீரின் பாகுத்தன்மையும் வெப்பக் கடத்தலும் அம்முயற்சியை அடக்கிவிடும். சூடு ஓர் எல்லையைக் கடந்ததும் அடக்குதல் இயலாமற் போகின்றது; நீர் சிறுசிறு அறைகளாகப் பிரிந்து, ஓரிடத்தில் ஏறியும் மற்றோரிடத்தில் இறங்கியும் சுழலத் தொடங்குகின்றது. 1900-இல் பிரெஞ்சு அறிஞர் பெனார் இதனைச் சோதனையில் கண்டார். 1916-இல் இரேலி பிரபு இதற்குக் கணித விளக்கம் தந்தார். மேலெழுப்பும் விசைக்கும் அடக்கும் தன்மைகளுக்கும் உள்ள விகிதத்தை இரேலி எண் என்பர். மேலும் கீழும் திண்மத் தட்டுகள் இருப்பின், அவ்வெண் ஏறத்தாழ 1708-ஐ அடையும்போது அமைதி குலைகின்றது. பாய்மம் நீராயினும் எண்ணெயாயினும் இவ்வெண் மாறுவதில்லை என்பது எண்ணி மகிழத்தக்க உண்மை.

சந்திரசேகர் வினாவை மேலும் விரித்தார். விண்மீனும் புவியின் உட்கருவும் வெறும் பாத்திரத்து நீர் போன்றவை அல்ல, அவை சுழல்கின்றன, அவற்றில் காந்தப்புலமும் உண்டு. ஆகவே, சுழலும் பாய்மம் சூடாக்கப்பட்டால் யாது நிகழும்? மின்சாரம் கடத்தும் பாய்மம் காந்தப்புலத்தில் இருப்பின் யாது நிகழும்? இரண்டும் சேரின் யாது நிகழும்?

சுழற்சி பாய்மத்தின் கொந்தளிப்பை அடக்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அதாவது சுழலும் பாய்மத்தைக் குலைக்க மிகுதியான வெப்பம் தேவை. காந்தப்புலமும் தனித்து நிற்கும்போது அவ்வாறே அடக்கும். இரண்டும் சேர்ந்தால் அடக்குதல் இருமடங்காகும் என்றே நாம் எதிர்பார்ப்போம். ஆனால் கணக்கு வேறு விடை தந்தது. சில எல்லைகளுக்குள் இரண்டு தளைகளும் ஒன்றையொன்று தளர்த்துகின்றன; கட்டுண்ட பாய்மம் எளிதில் இயங்கத் தொடங்குகின்றது. புவியின் உட்கருவில் உருகிய இரும்பு இயங்கி எவ்வாறு புவிக்காந்தத்தைத் தோற்றுவிக்கின்றது என ஆராய்வோர்க்கு இம்முடிபு இன்றும் பயன்படுகின்றது.

தாளில் கண்ட விடையைச் சோதனையில் காணாமல் அவர் நிறைவுறவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் டேவ் ஃபுல்ட்சு, நாகாகாவா ஆகியோர் சுழலும் பாத்திரங்களில் நீரையும் பாதரசத்தையும் இட்டுச் சோதித்தனர். பழைய சைக்ளோட்ரான் பொறியொன்றின் பெருங்காந்தத்தையே நாகாகாவா இதற்குப் பயன்படுத்தினார். சோதனை எண்களும் கணக்கின் எண்களும் பொருந்தி வந்தன. 1961-இல் இவ்வாய்வுகள் அனைத்தும் 650 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாக ஆக்சுபோர்டிலிருந்து வெளிவந்தன. பாய்மங்களின் நிலைப்பை ஆராயும் எவரும் இன்றளவும் கைக்கொள்ளும் நூல் அது.

அந்நூலில் அடங்கிய சிறு கருத்தொன்று முப்பது ஆண்டுகளுக்குப் பின் பெருமரமாகியது. உள்ளே விரைவாகவும் வெளியே மெதுவாகவும் சுழலும் பாய்மத்தில் மெல்லிய காந்தப்புலம் இருப்பினும் அது நிலைகுலையும் என்பதை இரசிய அறிஞர் வெலிகோவ் 1959-இலும், சந்திரசேகர் 1960-இலும் காட்டியிருந்தனர். கருந்துளையைச் சுற்றும் வளித்தட்டில் உள்ள பொருள் எவ்வாறு உள்ளே விழுகின்றது என்னும் நெடுநாட் புதிருக்கு விடை இதுவே என்பதை 1991-இல் பால்பசு, ஆலி என்னும் இருவர் கண்டனர்.

கணக்கிட்ட கைகள்

கணிப்பொறி பரவாத காலத்தில் இத்துணைப் பெருங்கணக்குகளைச் செய்தவர் யார்? 1948-இல் எர்க்சு வானாய்வகத்தில் கணக்கிடும் பணியில் அமர்ந்த டோனா எல்பர்ட் என்னும் பெண்மணியே அவர். பள்ளிக் கல்வியோடு வந்த அவர், கையால் இயக்கும் கணக்கிடு பொறிகளைக் கொண்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சந்திரசேகருடன் உழைத்தார். வேண்டிய கணிதத்தை அப்பணியிலேயே கற்றார். பல கட்டுரைகளில் இணையாசிரியரும் ஆனார். அவர் தாமே கண்ட முடிபொன்றைச் சந்திரசேகர் 1961-ஆம் ஆண்டு நூலின் அடிக்குறிப்பில் அவர் பெயரால் குறித்துள்ளார். ஆறு பத்தாண்டுகள் அவ்வடிக்குறிப்பைக் கவனித்தார் இல்லை. சுழற்சியும் காந்தப்புலமும் சேரும்போது பாய்மம் எளிதில் இயங்கும் அவ்வெல்லைக்கு எல்பர்ட் வீச்சு என்னும் பெயரை ஆய்வாளர்கள் இருவர் 2022-இலேயே சூட்டினர். பெருநூல்களின் அடிக்குறிப்புகளையும் விடாது படித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

சீனத்திலிருந்து வந்த இணையாளர்

பாய்மங்களின் நிலைப்பைப் பற்றிப் பேசும்போது, அதே காலத்தில் அதே துறையில் ஒளிர்ந்த சீன அறிஞர் சியா-சியாவ் லின் அவர்களையும் நினைவுகூர்தல் தகும். 1916-இல் பெய்சிங்கில் பிறந்த லின், சிங்குவா பல்கலைக்கழகத்தில் பயின்று, கடல் கடந்து சென்று, 1944-இல் அமெரிக்காவில் வான் கார்மனிடம் முனைவர் பட்டம் பெற்றார். இரு தட்டுகளுக்கிடையே ஓடும் பாய்மம் எப்போது கொந்தளிக்கும் என்பது பற்றி ஐசன்பர்க்கு இளமையில் எழுதிய ஆய்வேடு நெடுங்காலம் ஐயத்திற்குள்ளாகியிருந்தது. அதனைத் தெளிவுபடுத்தியவர் லின். அவருடைய நிலைப்பு நூல் 1955-இலும், சந்திரசேகரின் நூல் 1961-இலும் வந்தன. ஒன்று விட்டதை மற்றது நிரப்பியது. சுருள் வடிவ விண்மீன் மண்டலங்களின் கைகள் அலைகளே என்னும் கொள்கையையும் லின், ஃபிராங்க் சூ என்பாருடன் சேர்ந்து 1964-இல் நிறுவினார்.

இருவரும் ஆசியாவில் பிறந்தோர். இருவரும் கப்பலேறி மேலைநாடு சென்றோர். லின் தம் முதுமையில், 2002-இல், சிங்குவா பல்கலைக்கழகத்திற்கே மீண்டு, 2013-இல் பெய்சிங்கில் மறைந்தார். சந்திரசேகர் மீளவில்லை. 1953-இல் அவரும் துணைவியாரும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது தந்தையார் மிகவும் மனம் வருந்தினார். அவ்வருத்தம் மகனை வாட்டியது. 1960-இல் தந்தையார் மறைந்தார். இதில் யார் செய்தது சரி எனத் தீர்ப்புக் கூறுதல் நம் வேலையன்று. வேலை தேடி வளைகுடாவிற்கும் பிற நாடுகளுக்கும் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர் நம் சமுதாயத்தில் பலர். அறிவின் பொருட்டுப் பிரிந்தாலும் பொருளின் பொருட்டுப் பிரிந்தாலும், பிரிவின் விலையைக் கொடுப்பவர் பிரிந்தவர் மட்டும் அல்லர் என்பதை அவர்கள் அறிவார்கள்.

ஆசிரியரும் இதழாசிரியரும்

சந்திரசேகரிடம் பயின்றோர் பலர். சீனத்திலிருந்து சிகாகோ வந்து பயின்ற சுங்-தாவ் லீ, சென்-நிங் யாங் ஆகிய இருவரும் அவர் வகுப்பில் அமர்ந்தவர்கள். அவ்வகுப்பில் மாணவர் மிகச் சிலரே எனவும், அதன்பொருட்டு அவர் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவு பயணம் செய்து வந்தார் எனவும் கூறுவர். அவ்விருவரும் 1957-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு அப்பரிசு வந்ததோ அதற்கு 26 ஆண்டுகள் கழித்தே.

1952 முதல் 1971 வரை பத்தொன்பது ஆண்டுகள் வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியராகவும் அவர் இருந்தார். பல்கலைக்கழகம் ஒன்றின் இதழாக இருந்ததை உலகின் முதன்மை வானியல் இதழ்களுள் ஒன்றாக உயர்த்தினார். பிறர் கட்டுரைகளைத் திருத்தும் இப்பெரும் சுமைக்கிடையேதான் பாய்மங்களின் நூலும் எழுதப்பட்டது என்பது நினைக்கத்தக்கது.

தாய்நாட்டை அவர் மறந்தாரில்லை. கணித மேதை இராமானுசத்தின் நல்ல நிழற்படம் வேண்டும் எனப் பேராசிரியர் ஆர்டி கேட்டபோது, தாயகம் வந்திருந்த சந்திரசேகர் இராமானுசத்தின் துணைவியார் சானகி அம்மையாரைத் தேடிச் சென்று கடவுச்சீட்டுப் படத்தைப் பெற்றுத் தந்தார். இன்று உலகெங்கும் நாம் காணும் இராமானுசம் உருவம் அப்படத்தின் வழி வந்ததே. 1968-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூசண் விருது அளித்துச் சிறப்பித்தது.

நிறைவுக் காலம்

1969-இல் சுழலும் பாய்மக் கோளங்களின் வடிவங்கள் பற்றிய நூலை வெளியிட்டபின், தம் அறுபதாம் அகவையையொட்டி, இளைஞரும் அஞ்சும் பொதுச் சார்புக் கொள்கையில் ஆழ்ந்தார். 1983-இல் கருந்துளைகளின் கணிதக் கொள்கை நூலாக வந்தது. அவ்வாண்டே வில்லியம் ஃபௌலருடன் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1935-இல் அவையோர் நகைத்த கணக்கிற்கு அரை நூற்றாண்டு கழித்து உலகம் செலுத்திய மரியாதை அது. அதன்பின்னும் அவர் ஓயவில்லை. நியூட்டனின் பெருநூலை எளியோரும் பயிலும்வண்ணம் விளக்கி எழுதிய நூல் 1995-இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகசுடு 21 அன்று சிகாகோவில் மாரடைப்பால் மறைந்தார். 1999-இல் விண்ணில் செலுத்தப்பட்ட எக்சுகதிர் வானாய்வகம் சந்திரா என்னும் அவர் பெயரைத் தாங்கிற்று.

நம் மலையும் அவர் கணக்கும்

உதகைக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி மலைச்சரிவில் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970-இல் அமைக்கப்பட்டது அது. அவ்விடத்தின் அகலாங்கு ஏறத்தாழ 11 பாகை. சரிவும் அவ்வளவே சாய்ந்திருத்தலால், தொலைநோக்கியின் அச்சு புவியின் அச்சிற்கு இணையாக அமைந்தது. கதிரவனிடமிருந்து வீசும் மின்னூட்டக் காற்றை அது ஆராய்கின்றது. அக்காற்று யாது? காந்தப்புலம் ஊடுருவிய பாய்மமே. சந்திரசேகர் தாளில் ஆராய்ந்த பாய்ம இனத்தை, நம் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே நிற்கும் கம்பிகள் நாள்தோறும் உற்றுக் கேட்கின்றன. உதகையிலேயே உள்ள கிரேப்சு அண்டக்கதிர் ஆய்வுக்கூடம் 2015 சூன் 22 அன்று, கதிரவப் புயல் ஒன்றால் புவியின் காந்தக் காப்பு சிறிதுநேரம் தளர்ந்ததைப் பதிவு செய்தது என்பதும் நமக்குப் பெருமை தருவதாகும்.

இம்மலையில் பயிலும் மாணவச் செல்வங்கள் சந்திரசேகரின் வாழ்விலிருந்து கொள்ளத்தக்கவை பல. அவற்றுள் இரண்டை மட்டும் ஈண்டு குறிப்போம். அவையில் இகழ்ச்சி நேர்ந்தால் அதற்கு விடை கூச்சலன்று, முழுமையான நூல். ஒரு துறையில் புகழ் வந்தபின் அதிலேயே அமர்ந்துவிடாமல், அறியாத துறையில் மீண்டும் முதல் வகுப்பில் அமரும் துணிவு வேண்டும்.

தமிழ் பயில்வோர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. பாய்மங்களின் நிலைப்பை விளக்கும் முழுமையான நூல் தமிழ்க் கல்லூரி மாணவரின் கைக்கு எட்ட வேண்டும். இப்சனைத் தமிழில் பேசவைத்த சீதாலட்சுமி அம்மையாரின் மகன் எழுதிய கணிதமும் தமிழில் பேச வேண்டும் அன்றோ? கணிதத் துறையும் தமிழ்த்துறையும் ஒரே மேசையில் அமர்ந்து கலைச்சொற்களைத் தீட்டினால் அது கைகூடும். அம்முயற்சி நம் கல்லூரியிலேயே தொடங்கட்டும்.